பதினேழாம் நோயாளி

பயிற்சி மையத்தில் சேர்ந்த முதல் நாள் மதியம், சாப்பாட்டுக் கூடத்தில் கோபிகா வயிறு வலிக்கச் சிரித்தாள். எதிர் மேஜையில் ஒருவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வாயைக் கோணலாக வைத்து, "பீடியா? நானுங்களா? கையால தொட்டதில்லைங்!" என்று சொல்லிவிட்டு இருமினான். இன்னொருவன் டாக்டர் மாதிரி, "அப்ப வெரல்ல என்னங்க மஞ்சளா இருக்கு?" என்றான்.

"மஞ்சத்தூளுங். இன்னைக்கு ஊட்டுல கொழம்பு நாந்தானுங்!"

மேஜையே குலுங்கியது.

"யாரு இது?" என்று பக்கத்திலிருந்த ஸ்டெஃபியைக் கேட்டாள் கோபிகா. ஸ்டெஃபி தூத்துக்குடிக்காரி. இருவருக்கும் விடுதியில் ஒரே அறை.

"பதினேழு. சரியான பொய்யன். நாளைக்கு நீயும் பாக்கத்தான போற? அழுதுருவ."

மருத்துவ நுழைவுத் தேர்வு அப்போது இரண்டு பகுதியாக நடந்துகொண்டிருந்தது. முதல் பகுதி பழையபடி இயற்பியல், வேதியியல், உயிரியல். இரண்டாம் பகுதிக்கு 'உரையாடல்' என்று பெயர். ஒரு சின்ன கேபின், ஒரு திரை, திரையில் ஒரு நோயாளி. இருபது நிமிடம் அவரோடு பேசி, அவர் மறைப்பதை வெளியே கொண்டுவர வேண்டும். நாற்பது மார்க். நாமக்கல்லை அடுத்திருந்த அந்தப் பயிற்சி மையத்தில் மாதிரித் தேர்வுக்கென்று, மாநிலத்தின் எல்லா மையங்களுக்கும் பொதுவான ஐம்பது நோயாளிகள் இருந்தார்கள். யாரும் நடிகர்கள் அல்ல. ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் நிஜமாகவே படுத்துக் கிடந்தவர்கள். அவர்களுடைய பேச்சைப் பல நாள் பதிவு செய்து, அதிலிருந்து அதேபோல் பேசும் உருவங்களைச் செய்திருந்தார்கள். முகமும் பெயரும் மட்டும் வேறு.

மறுநாள் காலை கோபிகா கேபினுக்குள் உட்கார்ந்து பதினேழைத் திறந்தாள். நரைத்த மீசை வைத்த யாரோ ஒருவர் திரையில் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"வாங்க டாக்டரம்மா. எனக்கொண்ணும் இல்லைங். ஊட்டுலதான் பயந்துக்கிட்டுக் கூட்டியாந்து போட்டுட்டாங்க. மணி என்னாச்சுங்? நான் கெளம்போணும்."

அவள் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. முகம் யாருடையதோ. குரல் அவள் அப்பா செங்கோட்டுவேலுவுடையது. ஒவ்வொரு பொய்க்கும் முன்னால் தொண்டையைச் செருமுவது, கேள்வி பிடிக்காவிட்டால் மணி கேட்பது, எல்லாம் அப்படியே இருந்தது.

"அப்பா," என்றாள். "எதுக்குப் பொய் சொல்றீங்க?"

"யாருங் அப்பன்? உங்க வயசுல எனக்கொரு புள்ள இருக்குதுங் டாக்டரம்மா. அதும் இப்படித்தான் எரிஞ்சு உழுகும்."

அவள் கத்தினாள். எதையெல்லாம் கத்தினாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. திரை அணைந்தபோது மார்க் வந்தது. நாற்பதுக்கு நான்கு. கீழே குறிப்பு: 'நோயாளியிடம் குரலை உயர்த்தினார். உறவு சொல்லி அழைத்தார்.'

செங்கோட்டுவேலு ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட்டவர். திருச்செங்கோட்டு வண்டிகள் எங்கெல்லாம் போயினவோ அங்கெல்லாம் போனவர். வீட்டில் இருந்த நாட்களைவிட ஒடிசாவிலும் ஆந்திராவிலும் இருந்த நாட்கள்தான் அதிகம். கோபிகாவின் அம்மா ருக்குமணி நூல் மில்லில் வேலை பார்த்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் காசநோய் வந்து, மருந்துக்குக் கட்டுப்படாமல், செத்துப் போனாள். அப்பா மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்றிலிருந்து கோபிகா அவரிடம் தேவைக்குத்தான் பேசுவாள். அம்மாவைக் கொன்றது அந்த மில் என்று அவள் மனதில் இருந்தது. மில் வாசலைக் கடக்கும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகத் துப்புவாள்.

அடுத்த வருடம் அப்பாவுக்கே மூச்சு முட்டி இருபத்துநாலு நாள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவள் பள்ளி விடுதியில் இருந்தாள். இரண்டு தடவை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். பதிவு நடந்தது அப்போதுதான் என்று இப்போது புரிந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் அந்தப் பையன் துண்டை எடுத்தால் தட்டோடு எழுந்து வெளியே போய்விடுவாள். மற்ற நாற்பத்தொன்பது பேரிடமும் விடாமல் பேசிப் பழகினாள். பதினேழை மட்டும் தொடவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தமயந்தி மேடம் கூப்பிட்டு அனுப்பினார். உரையாடல் பகுதி முழுக்க அவர் பொறுப்பு. இருபது வருடம் டாக்டராக இருந்துவிட்டு வந்தவர். காய்ச்சலோடு வந்து லீவு கேட்ட பெண்ணை, "பரிசோதகர் உனக்குத் தலைவலி மாத்திரை குடுப்பாரா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவர்.

"நாப்பத்தொம்போது கேஸ்ல முப்பத்தஞ்சுக்கு மேல வாங்கியிருக்கே. பதினேழுல நாலு. அப்புறம் அதைத் திறக்கவே இல்ல. என்ன, பயமா?"

"அவரு எங்கப்பாங்க மேடம்."

மேடம் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "நிச்சயமாவா?"

"எங்கப்பன் பேச்சு எனக்குத் தெரியாதுங்களா?"

"கையெழுத்துப் போட்டுத்தான் குடுத்திருக்கார். முகத்தை மாத்திட்டோம், பேரை மாத்திட்டோம்."

"குரலை மாத்தலைங்களே."

"குரலை மாத்தினா பொய் போயிடும். பொய் வார்த்தையில இல்ல, இழுக்கற இழுப்புல இருக்கு. அதைத்தான் நீங்க படிக்கணும். என்ன வியாதி, என்ன மருந்துன்னு சொல்றதுக்கு மெஷின் வந்தாச்சு. ஆனா மெஷின்கிட்ட எவனும் உண்மையச் சொல்ல மாட்டேங்கறான். அந்த உண்மைய வாங்கறதுக்குத்தான் இனிமே டாக்டர்."

"டைனிங் ஹால்ல எங்கப்பாவ வச்சுக் கூத்துக் கட்டறாங்க."

"கட்டத்தான் செய்வாங்க. நாங்க பொணத்தை அறுத்துப் படிச்சப்ப அதுக்குப் பேரு வச்சுச் சிரிச்சோம். அதுக்காகப் படிக்காம விட்டோமா?" மேடம் பேனாவை எடுத்து ஒரு தாளில் ஏதோ கிறுக்கினார். "சரி. பதினேழு உனக்கு வேண்டாம். விலக்குக் குடுத்துட்டேன். போ."

கோபிகா நன்றி சொல்லாமல் வெளியே வந்தாள். வராந்தாவில் பாதி தூரம் வந்ததும்தான் அது உறுத்தியது. அந்தம்மா யாருக்கும் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. தனக்கு மட்டும் ஏன்?

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் ஸ்டெஃபி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மையத்தில் பதினேழிடம் முப்பத்தெட்டு வரை வாங்கியவள் அவள் ஒருத்திதான்.

"அந்தாளு கடைசியில என்னதான் சொல்றாரு?" என்று கேட்டாள் கோபிகா.

"ஏட்டி, நான் சொன்னா உனக்கு மார்க் ஏறாது. நீயாத்தான் வாங்கணும்."

"எனக்கு விலக்கு குடுத்துட்டாங்க. சும்மா சொல்லு."

"பொண்டாட்டியக் கொன்னதச் சொல்லுவாம்." ஸ்டெஃபி ஒரு துப்பட்டாவை உதறிக் கொடியில் போட்டாள். "அவனுக்குத்தான் மொதல்ல இருமல் வந்திருக்கு. சளியில ரத்தத்தப் பாத்திருக்காம். ஒருத்தர்ட்டயும் சொல்லல. அந்தப் பொம்பளைக்கு ஒட்டிக்கிட்டு. அப்புறம் நர்சம்மா வீட்டுக்கே வந்து, எல்லாரும் சளி குடுங்க, சோதிக்கணும்னு சொல்லியிருக்கா. அவளையும் வெரட்டிட்டாம். நெஞ்சழுத்தத்தப் பாத்தியா? அந்தம்மா செத்துட்டு. இவன் கல்லு மாதிரி ஒக்காந்து மணி கேக்காம்."

கோபிகா தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் வந்த நாள் அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. அம்மா உள்ளே படுத்திருந்தாள். அப்பா வாசலில் நின்று, "எனக்கெதுக்குடி சோதனை? போடி அக்கட்டால!" என்று கத்தினார். அந்தப் பெண் சைக்கிளைக்கூட ஏறாமல் தள்ளிக்கொண்டே ஓடினாள். அப்பா ஏன் அப்படி விரட்டினார் என்று கோபிகா பல நாள் யோசித்திருக்கிறாள். குடித்திருந்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஒரு மாதிரி ஆயிட்ட?" என்றாள் ஸ்டெஃபி.

"ஒண்ணுமில்ல."

மறுநாள் அவள் விலக்கைப் பொருட்படுத்தாமல், மேடத்திடம் கேட்காமலேயே கேபினுக்குள் போய்ப் பதினேழைத் திறந்தாள். ஏழு தடவை தோற்றாள். ஒவ்வொரு தடவையும் எங்கே சறுக்கியது என்று எழுதி வைத்தாள். பீடியைப் பற்றிக் கேட்டால் அவர் பொய்க்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார். குடியைப் பற்றிக் கேட்டால் மணி கேட்கிறார். எட்டாவது தடவை அவள் நோயைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"ஒடிசாவுல எத்தனை அடியிலங் தண்ணி?" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். "அது எடத்தைப் பொறுத்துதுங். ஒரு ஊர்ல ஆயரத்து நூறு அடி போனோம். வெறும் புழுதி. மூஞ்சியெல்லாம் மாவு பூசின மாதிரி நிப்போம்."

பத்து நிமிடம் கல்லையும் புழுதியையும் பற்றிப் பேசவிட்டாள். நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவராகவே, "அந்தப் புழுதியோடதான் ஊட்டுக்கு வருவேனுங். அவதான் துணி தொவைப்பா," என்றார். பிறகு பேச்சு நின்றது. கோபிகா பொறுத்திருந்தாள்.

"அவளுக்கு முன்னாடி எனக்குத்தானுங் இருமலு," என்றார் அவர். இந்தத் தடவை தொண்டையைச் செருமவில்லை. "ஒரு நாள் துப்புனப்ப செவப்பா இருந்துச்சு. மண்ணத் தள்ளி மூடிட்டேன். சொன்னா வண்டியில ஏத்த மாட்டாங்க. எங்கிட்ட இருந்துதான் அவளுக்குப் போச்சு. நர்சு வந்தப்ப சோதிச்சாத் தெரிஞ்சு போயிருமேன்னு வெரட்டிட்டேனுங்."

நாற்பதுக்கு நாற்பது. மையத்தில் பதினேழிடம் யாரும் வாங்காத மார்க். மறுநாள் கேட்டில் அவள் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். ஸ்டெஃபி ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. துண்டு போட்ட பையன் வந்து, "அக்கா, எப்படிக்கா அந்தக் கெழவன் வாயத் தொறந்தீங்க?" என்று கேட்டான். கோபிகா அவன் தோளிலிருந்த துண்டை உருவிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினாள்.

வண்டியில் போகிற தெம்பு போய்விட்டதால் செங்கோட்டுவேலு ஊருக்கு வெளியே ஒரு ரிக் பட்டறையில் வாட்ச்மேனாக இருந்தார். தகரக் கூரை போட்ட ஓர் அறை. அவர் தட்டில் சோறு போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வா அம்மிணி. போன்கூடப் பண்ணாம வந்திருக்கே? சாப்புடறியா?"

"அம்மாவுக்கு உங்ககிட்ட இருந்துதான் ஒட்டுச்சா?"

அவர் கை சோற்றிலேயே நின்றது. "என்ன?"

"உங்களுக்குத்தான மொதல்ல இருமல் வந்துச்சு? ரத்தத்தப் பாத்தீங்க. மண்ணத் தள்ளி மூடிட்டீங்க. எங்க ரெண்டு பேருத்துகிட்டயும் சொல்லல."

"எவன் சொன்னான்? எந்த நாயி சொன்னான்? நாக்க அறுத்துப் போடறேன்."

"நீங்கதான் சொன்னீங்க."

"நானா? ஆருகிட்ட?"

"ரெண்டு லட்சம் பேருகிட்ட. தமிழ்நாட்டுல டாக்டருக்குப் படிக்கப் போற அத்தனை பேருக்கும் தெரியும். எனக்குத்தான் கடைசியாத் தெரிஞ்சுது." அவள் ஆஸ்பத்திரியில் அவர் போட்ட கையெழுத்தைப் பற்றிச் சொன்னாள். கேபினைப் பற்றிச் சொன்னாள்.

"மருந்து தர்றோம், இதுல ஒண்ணு போடுன்னாங்க. போட்டேன். என்னைய வச்சுப் பொம்மை பண்ணுவாங்கன்னு எனக்கென்ன தெரியும்? பொம்மை சொல்றதெல்லாம் நெசமா?"

"நீங்க சொல்றது நெசமா? பொறந்ததுல இருந்து ஒரு நெசம் சொல்லியிருக்கீங்களா எங்கிட்ட? அம்மா செத்தப்ப ரயிலு கெடைக்கலைன்னீங்க. அதாச்சும் நெசமா?"

தட்டு அவள் காலடியில் வந்து விழுந்தது. சோறு சிதறியது. அவர் எழுந்து நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"அவனக் காட்டு," என்றார். "எம்பேரைச் சொல்லி எவன் பேசறானோ அவன எனக்குக் காட்டு. மூஞ்சியில ஒதைக்கறேன்."

திங்கட்கிழமை மேடம் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். கோபிகா தன் பயிற்சி நேரத்தில் அப்பாவை உள்ளே கூட்டிப் போனாள். மாணவர் நாற்காலியில் அவரை உட்கார வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். திரையில் நரைமீசைக்காரர் வந்தார்.

"இவனா?" என்று செங்கோட்டுவேலு ஏளனமாகச் சிரித்தார்.

"வாங்க டாக்டரய்யா. எனக்கொண்ணும் இல்லைங். மணி என்னாச்சுங்?"

அவர் சிரிப்பு நின்றது. திரும்பி மகளைப் பார்த்தார்.

"டேய்," என்றார் திரையைப் பார்த்து. "பீடி குடிப்பியாடா?"

"நானுங்களா? கையால தொட்டதில்லைங்."

"எங்கிட்டயேவா? நாளைக்கு ரெண்டு கட்டு இழுப்பே. சொல்லுடா."

"...ஒரு கட்டுங்."

"ரெண்டு."

"ரெண்டுங்."

ஜெயித்துவிட்டவர் மாதிரி அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். கேபின் கதவு சரியாக மூடவில்லை. வெளியே வராந்தாவில் போன பையன்கள் ஒரே குரல் இரண்டாகப் பேசுவதைக் கேட்டு நின்றார்கள். ஒவ்வொருவராகக் கூடினார்கள்.

"பொண்டாட்டி செத்தப்ப எங்கடா இருந்தே?"

"ஒடிசாவுலங்."

"போன் வந்துச்சா?"

"வந்துச்சுங். மொத நாளே."

"ஏண்டா கெளம்பல?"

"பாதித் தொளையில வண்டி நின்னுச்சுங். தொளை முடிச்சுட்டுப் போறேன்னேன்."

இதைக் கோபிகா அதுவரை கேட்டதில்லை. அப்பாவின் முதுகு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. அவர் அடுத்துக் கேட்டபோது குரல் தாழ்ந்து போயிருந்தது.

"நர்சம்மாவ எதுக்குடா வெரட்டினே?"

"கேக்காதீங்."

"நாயே, எதுக்குடா வெரட்டினே? சொல்றா!"

திரையிலிருந்தவர் சொன்னார். இருமலை, ரத்தத்தை, மண்ணைத் தள்ளி மூடியதை, சோதித்தால் தெரிந்துவிடும் என்று பயந்ததை, கோபிகாவிடம் சொன்னதைவிட மெதுவாகச் சொன்னார். நேரம் முடிந்து திரை அணைந்தது. நாற்பதுக்கு ஆறு. 'நோயாளியிடம் மரியாதையின்றிப் பேசினார்.'

"இப்ப சொல்லுங்க," என்றாள் கோபிகா.

"நெசந்தான்."

"எது?"

"அவன் சொன்னது. எல்லாம் நெசந்தான்."

"இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க," என்றாள். "வீடு, அப்பன் எதுவும் எனக்கில்ல."

அவர் எழுந்து கதவைத் திறந்தார். பையன்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். தினமும் அவரைப்போல நடித்தவன் இன்னொருவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். செங்கோட்டுவேலு யாரையும் பார்க்காமல், நடுவில் இரண்டு இடத்தில் மூச்சுக்காக நின்று, கேட்டைத் தாண்டிப் போனார்.

மூன்று வாரம் கழித்துத் தேர்வு நடந்தது. உரையாடலில் கோபிகாவுக்கு வந்தது, சர்க்கரை மாத்திரையைச் சாப்பிடாமல் தலையணைக்குள் ஒளித்து வைக்கும் ஒரு டீச்சரம்மா. பதினொரு நிமிடத்தில் அந்தம்மாவை அழ வைத்துவிட்டாள். கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது. அப்பா போன் பண்ணவில்லை. அவளும் பண்ணவில்லை.

தேறியவர்களுக்கு மையத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். சால்வை போட்டார்கள். விழா முடிந்ததும் கோபிகா மேடத்தின் அறைக்குப் போனாள்.

"பதினேழை எடுத்துரணுங்க மேடம்."

"எடுக்கணும்னா உங்கப்பா எழுதிக் குடுக்கணும்." மேடம் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். "அவரா அனுப்பினார்?"

"இல்லைங். எனக்கு அந்தாளு மேல எரக்கமும் இல்ல. எங்கம்மாவக் கொன்னவரு. ஆனா அதை வருஷா வருஷம் ஊரெல்லாம் கேட்டுச் சிரிக்க வேண்டாம்."

மேடம் படிவத்தை விடவில்லை. ஆளுக்கு ஒரு முனை பிடித்திருந்தார்கள்.

"கொன்னார்னு யார் சொன்னா?"

"அவரேதான். கேபின்ல."

"அந்தக் கடைசி நாலு நிமிஷம் பதிவுல இல்ல," என்றார் மேடம்.

கோபிகாவுக்குப் புரியவில்லை.

"நாப்பது மார்க் குடுக்கணும்னா, நோயாளி ஒளிக்கற முடிச்சு ஒண்ணு உள்ள இருக்கணும். பதிவுல இருந்தா எடுத்துக்குவோம். இல்லாட்டி கேஸ் தயாரிக்கற குழு உக்காந்து ஒண்ணு வைக்கும். உங்கப்பா பக்கத்துக் கட்டில்காரர்கிட்ட, தொளை முடிச்சுட்டுக் கெளம்பினதையும் நர்சை வெரட்டினதையும் சொல்லியிருக்கார். அது நிஜம். ஏன் வெரட்டினார்னு எங்கயும் சொல்லல. ரத்தம், ஒட்டினது, ஒளிச்சது, அதெல்லாம் நாங்க வச்சது."

"நாங்கன்னா?"

"அஞ்சு பேரு. நான் ஒருத்தி."

"அதனாலதான் எனக்கு வெலக்குக் குடுத்தீங்களா?"

"ஆமா."

"அப்பவே இதைச் சொல்லியிருக்கலாமே?"

"தேர்வு முடியறவரைக்கும் வெளிய சொல்லக்கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"எங்கப்பாவ இந்த வராந்தாவுல நடக்க விட்டேன் மேடம். அத்தனை பேரு பாத்தாங்க. அதுக்கப்புறமாச்சும் சொல்லியிருக்கலாமே?"

மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நீ நாப்பது வாங்கியிருந்தே. மனசு ஒடிஞ்சா பரீட்சையில உழுந்துருவேன்னு விட்டுட்டேன்."

"எனக்காகவா, ஃபிளெக்ஸுக்காகவா?"

கோபிகா படிவத்தை இழுத்துக்கொண்டு, சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டு வந்தாள்.

அப்பா கிடந்த ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு நாள் அலைந்து அவருடைய பழைய கோப்பை வாங்கினாள். நெஞ்சு நோய் டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது கல்லுத்தூசி. ரிக்குல வேலையா? அவங்களுக்கு இப்படித்தான் வரும். நுரையீரல் கல்லாயிடும்."

"காசநோய்ங்க சார்? முன்னாடி எப்பவாச்சும் இருந்திருக்குமா?"

"மூணு தடவை சளி சோதிச்சிருக்காங்க, ஒண்ணுமில்ல. பழைய தழும்புகூட இல்ல. இவருக்கு அது வந்த மாதிரியே தெரியல."

"எங்கம்மாவுக்கு இருந்துச்சுங்க. நூல் மில்லுல வேலை."

"எந்த மில்லு?" அவள் சொன்னாள். டாக்டர் தலையை ஆட்டினார். "அங்கிருந்து இன்னும் நாலு பொம்பளைங்க இதே காசநோயோட வந்தாங்க. எல்லாரும் ஒரே செக்‌ஷன்."

மறுநாள் காலை அவள் பட்டறைக்குப் போனபோது செங்கோட்டுவேலு கேட்டருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். சவரம் செய்யவில்லை. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"அப்பா, என்னைய மன்னிச்சிருங்க," என்றாள். ஸ்கேனை எடுத்து அவர் மடியில் வைத்தாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். மேடம் சொன்னதைச் சொன்னாள். "உங்களுக்கு அந்த நோவு வந்ததே இல்லைங்ப்பா. உங்ககிட்ட இருந்து ஒட்டல. மில்லுல இருந்துதான். பொம்மைய அப்படிப் பேச வச்சது அந்த அஞ்சு பேரு."

அவர் ஸ்கேனைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. "நாந்தான் சொன்னனே அம்மிணி. என் காதாலயே கேட்டேன்."

"அது நீங்க இல்லைங்ப்பா."

"ரெண்டு கட்டுன்னான். நெசந்தான? தொளை முடிச்சுட்டு வர்றேன்னு சொன்னதைச் சொன்னான். அதும் நெசந்தான? அது ஒருத்தருக்கும் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சுது."

"பக்கத்துக் கட்டில்காரர்கிட்ட நீங்கதான் சொல்லியிருக்கீங்க. பதிவுல இருக்குது."

"அப்ப மிச்சமும் சொல்லியிருப்பேன்."

"சொல்லலைங். நீங்க ரத்தத்தப் பாத்தீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒருக்கா பாத்தேன். ஆந்திராவுல. பல்லுல இருந்து வந்ததுன்னு இத்தனை நாளா நெனச்சிருந்தேன்." அவர் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார். "அந்த நர்சு புள்ளைய எதுக்கு வெரட்டுனேன்னு எனக்கே தெரியாது. எத்தனையோ நாளு யோசிச்சுப் பாத்திருக்கேன். அவன்தான் சொன்னான். கேட்டதும் ஆமான்னு பட்டுது."

கோபிகா மண்ணில் உட்கார்ந்தாள். எட்டு தடவை பேசிப் பழகிய வழி எதுவும் இந்த ஆளிடம் உதவவில்லை. படிவத்தை எடுத்து நீட்டினாள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. அவன அங்கிருந்து எடுத்துருவாங்க. இனி யாரும் கேக்க மாட்டாங்க."

"வேண்டாம்."

"அப்பா."

"கேக்கட்டும். வர்ற புள்ளைங்கல்லாம் கேக்கட்டும். கேட்டா, நாளைக்கு அவங்ககிட்ட எவனாச்சும் ஒளிச்சான்னாத் தெரியும்." அவர் படிவத்தை மடித்து, ஸ்கேனோடு சேர்த்து அவள் கையில் திணித்தார்.

"அது பொய்ங்ப்பா!" என்று கத்தினாள்.

"உங்கிட்டயும் உங்கம்மாகிட்டயும் பொறந்ததுல இருந்து பொய்யாத்தான் சொன்னேன். ஒரே ஒருக்கா நெசம் சொன்னேன். இப்ப அதைப் பொய்ங்கறே." அவர் குரலில் கோபம் இருந்தது. "என் மேல எரக்கப்பட்டு டாக்டர்கிட்ட எழுதி வாங்கியாந்தியா? படிக்கப் போறதுக்கு முன்னாடியே பொய் சொல்லப் பழகிட்டே. போ. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

வெளியே ரிக் வண்டி ஒன்று ஹாரன் அடித்தது. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கேட்டின் தாழ்ப்பாளை நீக்கி, இரண்டு கதவையும் ஒவ்வொன்றாகத் தள்ளினார். வண்டி புழுதியோடு உள்ளே வந்தது. டிரைவர் இறங்கி அவரிடம் ஏதோ கேட்டான். அவர் அவனோடு பேசிக்கொண்டே பட்டறையின் பின்பக்கம் நடந்தார். கோபிகா ஸ்டூலருகே நின்றிருந்தாள். புழுதி அடங்கிய பிறகும் அவர் அந்தப் பக்கம் திரும்பி வரவில்லை.